மூன்றடித் தண்ணீரில் நின்றுபோன படகுகள்... தராவா தீவின் ரத்தக் கதை!

மூன்றடித் தண்ணீர் எவ்வளவு இருக்கும்? நின்றால் இடுப்பளவு. நீச்சல் தெரியாதவர்கூட நடந்தே கடந்துவிடுவார்.

1943 நவம்பர் 20-ம் தேதி காலை, பசிபிக் பெருங்கடலின் நடுவே இருக்கும் ஒரு சின்னஞ்சிறு தீவின் முன்னால் அந்த மூன்றடித் தண்ணீர்தான் இருந்தது. இன்னும் ஓரடி கூடுதலாக இருந்திருந்தால், அமெரிக்க வீரர்களை ஏற்றிவந்த படகுகள் கரைவரை போயிருக்கும். கரைக்கு அரை கிலோமீட்டர் இருக்கும்போதே பவளப்பாறையில் அடி தட்டி, வரிசையாக நின்றுவிட்டன.

வீரர்கள் இறங்கி நடந்தார்கள். முதுகில் மூட்டை, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்த துப்பாக்கி. எதிரே ஜப்பானியர்களின் இயந்திரத் துப்பாக்கிகள். மறைந்துகொள்ள ஒரு மரம் கிடையாது, ஒரு மண்மேடு கிடையாது.

'சேவிங் பிரைவேட் ரையன்' படத்தின் ஆரம்பக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். படகின் முன்பக்கக் கதவு தண்ணீரில் விழும். அடுத்த நொடி தோட்டாக்கள் பாயும். அது நார்மண்டி. இது அதற்கு ஏழு மாதங்கள் முந்தைய கதை. நம்மூரில் அதிகம் பேசப்படாத பெயர், தராவா.

கடலிலிருந்து கரைக்கு... அந்தக் கடைசி தூரம்!

கப்பலில் ஆயிரம் மைல் போய்விடலாம். கடைசி சில நூறு மீட்டர்தான் பிரச்னை. பெரிய கப்பல் கரைக்கு வர முடியாது. சிறிய படகு வரும், ஆனால் அதிலிருந்து ஆட்கள் பக்கவாட்டில் தாண்டிக் குதிக்க வேண்டும். குதிக்கிறவன் ஒரு கணம் வானத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் நிற்கிறான். கரையில் இருப்பவனுக்கு அதைவிட வசதியான குறி கிடைக்காது.

முதல் உலகப்போரில், 1915 ஏப்ரல் 25-ம் தேதி துருக்கியின் கலிப்பொலியில் பிரிட்டிஷ் படை இதை அனுபவித்தது. துடுப்புப் படகுகளைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். கூடவே 'ரிவர் கிளைட்' என்ற பழைய நிலக்கரிக் கப்பல். அதன் பக்கவாட்டில் வாசல்களை வெட்டி, வேண்டுமென்றே கரையில் மோதி நிறுத்தினார்கள். வாசல் வழியே வெளியே வந்தவர்கள் வந்த வரிசையிலேயே விழுந்தார்கள். துருக்கியர்கள் குறி மாற்றவேகூட வேண்டியிருக்கவில்லை. வாசல் இருக்கும் இடம்தான் தெரியுமே!

கலிப்பொலிக்குப் பிறகு பல நாட்டு ராணுவ அறிஞர்கள், 'காவல் உள்ள கரையில் இனி யாரும் கடல்வழி இறங்க முடியாது' என்றே முடிவு கட்டினார்கள். அமெரிக்காவின் மரைன் படை மட்டும் இந்த வேலையை விடாமல் படித்துக்கொண்டிருந்தது. தீவுகளைப் பிடிப்பதுதான் அவர்கள் பிழைப்பு. ஆனால், கையில் சரியான படகு இல்லை.

சதுப்பு நிலத்துப் படகுக்காரர்

அந்தப் படகைக் கொடுத்தவர் ராணுவத்தைச் சேர்ந்தவரே அல்ல. நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் மரவியாபாரமும் படகு வியாபாரமும் செய்துகொண்டிருந்த ஆண்ட்ரூ ஹிக்கின்ஸ். கோபக்காரர், வாய் நீளம், விஸ்கிப் பிரியர். லூசியானாவின் சதுப்பு நிலங்களில் தோலுக்காக விலங்கு பிடிப்பவர்களுக்கும், எண்ணெய் தேடுபவர்களுக்கும் அவர் படகு கட்டிக் கொடுத்தார். அங்கே தண்ணீர் ஆழம் குறைவு; மரக்கட்டையும் பாசியும் அதிகம். அதனால் அவருடைய படகின் முன்பக்கம் கரண்டி போல வளைந்திருக்கும். மணல் திட்டில் ஏறி, பின்னோக்கி இறங்கிவிடும். சுழல்விசிறியை அடிப்பகுதியில் ஒரு பள்ளத்துக்குள் ஒளித்துவைத்திருந்தார், கட்டையில் அடிபடாமல் இருக்க.

எல்லாம் சரி, இறங்குவது? அதே பழைய கதை. பக்கவாட்டில் தாண்டிக் குதிக்க வேண்டும்.

அதற்கான விடை சீனாவிலிருந்து வந்தது. 1937-ல் ஷாங்காய் அருகே ஜப்பானியப் படை தரையிறங்குவதை விக்டர் க்ருலக் என்ற இளம் மரைன் அதிகாரி தூரத்திலிருந்து படம் பிடித்தார். ஜப்பானியப் படகின் முன்பக்கம் சதுரமாக இருந்தது. கரை தட்டியதும் அது அப்படியே கீழே விழுந்து சாய்வுப் பலகையாகிவிட்டது. வீரர்கள் அதன்மேல் ஓடிப் போனார்கள். க்ருலக் படங்களோடு வாஷிங்டனுக்கு அறிக்கை அனுப்பினார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து வாஷிங்டன் போனவர், தன் அறிக்கையைத் தேடிப் பிடித்தார். அது கோப்பில் தூங்கிக்கொண்டிருந்தது. ஓரத்தில் யாரோ ஒரு குறிப்பு எழுதியிருந்தார்கள்: இதை அனுப்பியவர் சீனாவில் இருக்கும் ஏதோ ஒரு கிறுக்கர் என்று! எந்த நாட்டு அரசு அலுவலகமும் கோப்பு விஷயத்தில் அண்ணன் தம்பிதான் போலிருக்கிறது.

க்ருலக் விடவில்லை. மரத்தில் ஒரு சின்ன மாதிரி செய்து மேலதிகாரிகளிடம் காட்டினார். 1941-ல் ஹிக்கின்ஸ் தன் படகின் மூக்கை வெட்டி, கதவு மாட்டினார். 36 அடி நீளம், கிட்டத்தட்ட 11 அடி அகலம். நம் டவுன் பஸ் அளவு. பெரும்பகுதி பிளைவுட். 36 வீரர்களை ஏற்றும், அல்லது ஒரு ஜீப்பையும் 12 பேரையும். கதவு விழுந்தால் சில நொடிகளில் படகு காலி.

போர் முடிவதற்குள் இந்த ரகத்தில் 20,000-க்கும் அதிகமான படகுகள் கட்டப்பட்டன. ஹிக்கின்ஸின் தொழிற்சாலைகளில் வெள்ளையர், கறுப்பர், ஆண், பெண் எல்லோரும் சேர்ந்து வேலை பார்த்தார்கள். ஒரே வேலைக்கு ஒரே கூலி. இனப் பாகுபாடு சட்டமாகவே இருந்த தென் அமெரிக்க மாநிலம் ஒன்றில், அந்தக் காலத்தில், இது சாதாரண விஷயம் இல்லை. நார்மண்டிக்குத் தலைமை தாங்கிய ஐசன்ஹோவர், நமக்குப் போரை ஜெயித்துக் கொடுத்தவர் இந்த ஹிக்கின்ஸ்தான் என்று பின்னாளில் சொன்னார்.

ஆனால், இந்தப் படகுக்கும் ஒரு குறை உண்டு. ஆள் ஏற்றினால் கிட்டத்தட்ட நான்கடி ஆழம் வேண்டும். மணல் கரையென்றால் கவலை இல்லை. கரைக்கு முன்னால் பாறைத் திட்டு இருந்தால்? நம் மீனவர்கள் 'பார்' என்பார்களே, அதுபோல?

புயல் பெற்ற முதலை

அதற்கும் ஒரு வண்டி இருந்தது. அதையும் ராணுவம் கண்டுபிடிக்கவில்லை.

நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தைக் கட்டி முடித்த வாஷிங்டன் ரோப்ளிங்கின் பேரன் டொனால்ட் ரோப்ளிங். பணத்துக்குக் குறைவில்லாத குடும்பம். புளோரிடாவில் வசித்தார். 1920-களின் பிற்பகுதியிலும் 30-களின் தொடக்கத்திலும் பெரும் சூறாவளிகள் அந்த மாநிலத்தைப் புரட்டிப் போட்டன. வெள்ளமும் சேறும் சூழ்ந்த இடங்களில் மக்கள் சிக்கிக்கொண்டார்கள். படகு போனால் சேற்றில் புதையும். லாரி போனால் தண்ணீரில் மூழ்கும். "இரண்டிலும் ஓடுகிற மாதிரி ஒன்று செய்யேன்" என்று தூண்டியவர் டொனால்டின் அப்பா.

அவர் செய்தது அலுமினியத் தொட்டி ஒன்று. இருபுறமும் புல்டோசருக்கு இருப்பது போன்ற செயின் சக்கரம். அந்தச் செயினில் வரிசையாகத் துடுப்புப் போன்ற தகடுகள். தரையில் அவை கால். தண்ணீரில் அவையே துடுப்பு. 'அலிகேட்டர்' என்று பெயர் வைத்தார். முதலைதான்.

1937 அக்டோபரில் 'லைஃப்' பத்திரிகை இந்த விசித்திர வண்டியின் படங்களை வெளியிட்டது. ஒரு கடற்படை அதிகாரி அதைப் பார்த்து மரைன் தளபதி ஒருவரிடம் காட்ட, விஷயம் பற்றிக்கொண்டது. பழத்தோட்டத்துக்கு மருந்தடிக்கும் கருவிகள் செய்துவந்த நிறுவனத்திடம் தயாரிப்பைக் கொடுத்தார்கள். ஆரஞ்சு மரத்துக்குக் கருவி செய்த கைகள் போர் வண்டி செய்யத் தொடங்கின. வெள்ளத்தில் சிக்கியவர்களைக் காப்பாற்றப் பிறந்த வண்டி சீருடை போட்டுக்கொண்டது இப்படித்தான். மரைன்கள் வைத்த செல்லப் பெயர் 'ஆம்ட்ராக்'.

தொடக்கத்தில் அதை யாரும் தாக்குதல் வண்டியாக நினைக்கவில்லை. கப்பலிலிருந்து கரைக்குச் சாமான் ஏற்றும் நீர் லாரி, அவ்வளவுதான்.

"வண்டி இல்லையென்றால் போர் இல்லை!"

தராவா என்பது ஒரு தீவு அல்ல. காயலைச் சுற்றி மாலை போலக் கோத்திருக்கும் பவளத் தீவுக் கூட்டம். அப்போது பிரிட்டிஷ் காலனியான கில்பர்ட் தீவுகளில் ஒன்று. இன்றைய கிரிபாஸ் நாடு. அதன் தென்மேற்கு மூலையில் இருக்கும் தீவு பெசியோ. நீளம் மூன்று கிலோமீட்டர் சொச்சம், அகலம் ஒரு கிலோமீட்டர்கூடக் கிடையாது. அந்தத் துண்டு நிலத்தில் ஜப்பானியர்கள் ஒரு விமானத்தளம் அமைத்து, தென்னை மரக்கட்டை, மணல், கான்கிரீட் வைத்து நூற்றுக்கணக்கான பதுங்குகுழிகள் கட்டியிருந்தார்கள்.

தீவைச் சுற்றிலும் பவளப்பாறைத் திட்டு. அதன்மேல் எவ்வளவு தண்ணீர் இருக்கும்? எல்லாமே இந்த ஒரு கேள்வியில் நின்றது.

ஓத அட்டவணைகள் பழையவை, நம்ப முடியாதவை. அதனால் அந்தத் தீவுகளில் வாழ்ந்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூசிலாந்துக்காரர்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். பெரும்பாலோர் 'ஐந்தடி இருக்கும்' என்றார்கள். ஒருவர் மட்டும் மறுத்தார். தராவாவில் 15 ஆண்டுகள் வாழ்ந்த மேஜர் பிராங்க் ஹாலண்ட், அந்த நாளில் மூன்றடிக்கு மேல் இருக்காது என்று அடித்துச் சொன்னார்.

அவரை முழுவதும் ஒதுக்கிவிட்டார்கள் என்று சொல்வதும் நியாயமில்லை. படைத்தலைவர் ஜூலியன் ஸ்மித், கடைசி தூரத்தை நடந்தே கடக்க வேண்டிவரலாம், வாய்ப்பு பாதிக்குப் பாதி என்று தன் வீரர்களிடம் வெளிப்படையாகச் சொன்னார். ஆனால் நாள் மாறவில்லை. பசிபிக் போரின் பெரிய கால அட்டவணையில் நவம்பர் 20 என்று எழுதியாகிவிட்டது.

மிச்சமிருந்த ஒரே வழி, பாறைமேல் ஏறிப் போகும் ஆம்ட்ராக். அதுவும் போதுமான அளவு இல்லை. இன்னும் வேண்டும் என்று மரைன் ஜெனரல் ஹாலண்ட் ஸ்மித் கேட்க, கப்பலில் இடமில்லை என்று அட்மிரல் டர்னர் மறுக்க, பெரிய சண்டையே நடந்தது. 'ஆம்ட்ராக் இல்லையென்றால் இந்தத் தாக்குதலே இல்லை' என்று ஸ்மித் ஒரே பிடியாக நின்றார். பழையது 75, புதியது 50, ஆக 125 வண்டிகள் கிடைத்தன. பழைய வண்டிகளுக்கு நியூசிலாந்தில் இரும்புத் தகடு வாங்கி முன்பக்கத்தில் மாட்டினார்கள்.

அந்த வண்டிகளில் முதல் மூன்று அலை வீரர்கள் மட்டுமே போக முடியும். அதற்குப் பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் ஹிக்கின்ஸ் படகில்.

அந்தக் காலை

போர்க்கப்பல்கள் சுமார் 3,000 டன் குண்டுகளைப் பெசியோ மேல் கொட்டின. தீவே புகைக்குள் மறைந்தது. இனி அங்கே ஒருவரும் உயிரோடு இருக்க மாட்டார்கள் என்று கப்பலில் இருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். ஆனால், பதுங்குகுழிகள் பெரும்பாலும் அப்படியே இருந்தன.

காலை 9.10-க்கு முதல் ஆம்ட்ராக் கரையேறியது. திட்டு வந்ததும் செயின்கள் பாறையைப் பற்றிக்கொண்டு ஏறின. கதை அங்கேயே நின்றுவிடவில்லை. மூன்று அலைகளிலும் சேர்த்துச் சுமார் 1,500 பேர் தீவைத் தொட்டார்கள். கரையோரத்தில் தென்னங்கட்டைகளால் ஆன நாலடிச் சுவர். அதன் அடியில் குனிந்து உட்கார்ந்தார்கள். பின்னால் ஆட்கள் வருவார்கள் என்று காத்திருந்தார்கள்.

பின்னால் வந்த ஹிக்கின்ஸ் படகுகள் திட்டில் இடித்து நின்றன.

கதவுகள் திறந்தன. சிலர் குதித்த இடத்தில் ஆழம் அதிகமாக இருந்து, சுமையோடு மூழ்கினார்கள். மற்றவர்கள் நடந்தார்கள். 500 மீட்டர், சில இடங்களில் அதற்கும் மேல். தண்ணீரில் ஓட முடியாது என்பது கடலில் காலை நனைத்த எல்லோருக்கும் தெரியும். 'டைம்' பத்திரிகை நிருபர் ராபர்ட் ஷெராடும் அந்தக் கூட்டத்தில் கழுத்தளவுத் தண்ணீரில் நடந்தவர். தீவிலிருந்து திட்டுவரை நீண்டிருந்த ஒரு மரப் பாலத்தின் கால்கள்தான் சிலருக்குக் கிடைத்த ஒரே மறைவு.

ஆம்ட்ராக்குகள் கரையில் ஆளை இறக்கிவிட்டுத் திட்டுக்குத் திரும்பிவந்து, நின்றுபோன படகுகளிலிருந்து ஆட்களை மாற்றி ஏற்றிக்கொண்டு மறுபடி போயின. ஷேர் ஆட்டோ மாதிரி. ஒவ்வொரு நடைக்கும் துளைகள் கூடின. மெல்லிய தகடு; தோட்டாவைத் தடுக்கவில்லை. என்ஜின் நின்றால் உள்ளே புகும் தண்ணீரை இறைக்கும் பம்பும் நின்றுவிடும். வண்டி அப்படியே அமிழும். 125 வண்டிகளில் சுமார் 90 அந்தப் போரிலேயே அழிந்தன. அவற்றின் படைப்பிரிவுத் தலைவர் மேஜர் ஹென்றி ட்ரூஸ் முதல் நாளே இறந்தார்.

அன்று மாலைக்குள் சுமார் 5,000 பேர் இறங்கியிருந்தார்கள். அவர்களில் 1,500 பேர் இறந்தோ காயப்பட்டோ கிடந்தார்கள். கரையில் தலைமை ஏற்ற கர்னல் டேவிட் ஷூப் காயத்தோடு, ஒரு பதுங்குகுழிச் சுவரில் சாய்ந்துகொண்டு படையை நடத்தினார். உள்ளே ஜப்பானிய வீரர்கள் உயிரோடு இருந்த பதுங்குகுழி அது! பின்னாளில் மரைன் படையின் தலைவராகி, ஓய்வுபெற்ற பிறகு வியட்நாம் போரை வெளிப்படையாக எதிர்த்தவரும் இதே ஷூப்தான்.

இரவு முழுவதும் படகில் ஆடிக்கொண்டே காத்திருந்த இன்னொரு படைப்பிரிவு, மறுநாள் காலை அதே திட்டில், அதே மூன்றடித் தண்ணீரில் இறங்கியது. அதே முடிவு. அன்று நண்பகல் தாண்டித்தான் தண்ணீர் ஏறத் தொடங்கியது.

76 மணி நேரத்தில் போர் முடிந்தது. அமெரிக்கத் தரப்பில் சுமார் 1,000 பேர் இறந்தார்கள். காயம்பட்டவர்கள் 2,000-க்கும் மேல். தீவில் இருந்த ஜப்பானியத் தரப்பினர் சுமார் 4,800 பேர். உயிர் பிழைத்தவர்கள் 146. அவர்களில் ஜப்பானியர் 17 பேர்தான். மற்ற 129 பேரும் கூலி வேலைக்குக் கொண்டுவரப்பட்ட கொரியர்கள். போரில் எந்தப் பக்கமும் சேராத அந்தக் கொரியர்களில் எத்தனையோ பேர், தாங்கள் தோண்டிய குழிகளிலேயே புதைந்துபோனார்கள்.

நிலா செய்த வேலை

தண்ணீர் ஏன் ஏறவில்லை? ஏறத்தாழ 44 ஆண்டுகள் கழித்து, 1987-ல், டெக்சாஸ் மாநில இயற்பியல் பேராசிரியர் டொனால்ட் ஓல்சன் கணக்குப் போட்டுச் சொன்னார்.

அமாவாசை, பௌர்ணமி நாட்களில் கடல் அதிகமாக ஏறி இறங்கும் என்பது நம் கடற்கரை ஊர்களில் சிறு பிள்ளைக்கும் தெரியும். சூரியனும் நிலாவும் ஒரே கோட்டில் நின்று கடலை இழுப்பதால் வருவது. அரைநிலா நாட்களில், அதாவது அஷ்டமியை ஒட்டி, இரண்டும் வெவ்வேறு திசையில் இழுக்க, கடல் சோம்பிக் கிடக்கும். நவம்பர் 20 தேய்பிறை அரைநிலாவை ஒட்டிய நாள். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நிலா பூமியைச் சுற்றும் பாதை முழு வட்டம் இல்லை. சில நாள் அருகில் வரும், சில நாள் விலகிப் போகும். அன்று அது தன் பாதையில் மிகத் தொலைவான இடத்தில் இருந்தது. இழுவிசை இன்னும் குறைந்தது. இந்த இரண்டும் ஒன்றாக வந்த நாட்கள் 1943-ம் ஆண்டு முழுவதிலும் இரண்டுதான்: ஏப்ரல் 12, நவம்பர் 20.

365 நாட்களில் எந்த நாளில் போகக் கூடாதோ, அந்த நாளில் போயிருக்கிறார்கள். மேஜர் ஹாலண்ட், 15 ஆண்டு கரையில் நின்று பார்த்த பழக்கத்தில் இதைச் சொல்லிவிட்டார்.

அம்மாக்களின் கடிதங்கள்

இந்தச் செய்தி அமெரிக்க வீடுகளுக்குப் போனபோது நாடே அதிர்ந்தது. இவ்வளவு சின்னத் தீவுக்கு இவ்வளவு உயிரா? பசிபிக் கடற்படைத் தலைவர் நிமிட்ஸுக்குப் பெற்றோர்கள் எழுதிய கடிதங்கள் குவிந்தன. என் பிள்ளையைக் கொன்றது நீங்கள்தான் என்று எழுதிய அம்மாக்கள் இருந்தார்கள். போரின்போது எடுத்த படச்சுருளில் தண்ணீரில் மிதக்கும் உடல்கள் இருந்தன. அதை மக்களுக்குக் காட்டலாமா என்ற கேள்வி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வரை போய், காட்டலாம் என்று முடிவானது. அந்தக் குறும்படம் ஆஸ்கர் விருது வாங்கியது.

அடுத்த தீவுகளுக்குப் போகும்போது முறையே மாறிவிட்டது. பாறையின் ஆழத்தை முன்கூட்டியே நீந்திப்போய் அளக்க, தடைகளை வெடிவைத்துத் தகர்க்க தனிப் படை உருவானது. பின்னாளில் புகழ்பெற்ற 'நேவி சீல்' படைக்கு இதுவும் ஒரு மூலம். ஆம்ட்ராக்குக்குக் கனமான கவசமும் பீரங்கியும் வந்தன. எண்ணிக்கையும் பெருகியது. 1944 ஜூனில் சைபான் தீவில் 20 நிமிடத்தில் சுமார் 8,000 பேரை அவை கரையேற்றின. போர் முடிவதற்குள் 18,000-க்கும் அதிகமான ஆம்ட்ராக்குகள் தயாராகியிருந்தன.

இதே சமயத்தில் சாமான் ஏற்றுவதற்கு இன்னொரு வண்டியும் வந்துவிட்டது. சாதாரண ராணுவ லாரிக்குப் படகின் உடம்பு மாட்டிய 'டக்', அதாவது வாத்து. ராணுவம் அதை விளையாட்டுப் பொருளாகத்தான் பார்த்தது. 1942 டிசம்பரில் மாசசூசெட்ஸ் கடற்கரையில், புயலில் மணல் திட்டில் சிக்கிய ரோந்துப் படகில் இருந்த ஏழு பேரை, ஒத்திகைக்காக வந்திருந்த ஒரு வாத்து போய் மீட்டுக் கொண்டுவந்தது. அதன் பிறகுதான் மரியாதை. 21,000 வாத்துகள் செய்தார்கள்.

ஆனால், தண்ணீர் எல்லாப் பாடத்தையும் ஒரே தடவையில் கற்றுத் தருவதில்லை. 1944 ஜூன் 6, நார்மண்டி. டேங்கைச் சுற்றிக் கேன்வாஸ் துணியை உயர்த்திக் கட்டி மிதக்கவிடும் தந்திரத்தைப் பிரிட்டிஷார் உருவாக்கியிருந்தார்கள். அமைதியான நீரில் அருமையாக மிதக்கும். ஒமாஹா கடற்கரையில் ஒரு படைப்பிரிவு, கொந்தளிக்கும் கடலில், கரைக்கு ஐந்து கிலோமீட்டருக்கு அருகே 29 டேங்குகளை இறக்கியது. 27 மூழ்கின. பக்கத்துப் படைப்பிரிவோ, அலையைப் பார்த்துவிட்டு, டேங்குகளைப் படகிலேயே வைத்துக் கரைவரை கொண்டுபோய் இறக்கியது.

ஆறும் சும்மா விடாது!

நமக்குக் கொஞ்சம் நெருக்கமான தண்ணீர் ஒன்று உண்டு. பர்மாவின் ஐராவதி. 1945 பிப்ரவரி 14-ம் தேதி விடியும் முன், நியாங்கு என்ற ஊருக்கு எதிரே, பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் 7-வது டிவிஷன் அந்த ஆற்றைக் கடந்தது. அகலம் சுமார் இரண்டு கிலோமீட்டர். இரண்டாம் உலகப்போரில் எதிர்ப்புக்கு நடுவே கடந்த ஆறுகளில் இதுவே மிக அகலமானது என்பார்கள்.

நல்ல படகெல்லாம் ஐரோப்பாவுக்குப் போய்விட்டது. இங்கே வந்தது மிச்சம் மீதி. முதல் கம்பெனி இருட்டில் துடுப்புப் போட்டுச் சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்தது. அடுத்து வந்த மோட்டார் படகுகள் விடிந்த பிறகு நடு ஆற்றில் மாட்டிக்கொண்டன. சிலவற்றில் மோட்டார் கிளம்பவில்லை. சிலவற்றில் தண்ணீர் புகுந்தது. நீரோட்டம் வேறு பக்கம் இழுத்துப் போனது. கரையிலிருந்து துப்பாக்கிகள் சுட்டன.

அந்தக் கரையைக் காத்தவர்களில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தினரும் இருந்தார்கள். பின்னாளில் செங்கோட்டை வழக்கில் நின்ற குர்பக்ஷ் சிங் தில்லானின் நேரு படைப்பிரிவு. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ச் சேர்ந்த அதே ராணுவம்தான். ஆக, கடக்கிற பக்கத்தில் பஞ்சாபியரும் சீக்கியரும். காக்கிற பக்கத்திலும் இந்தியர்கள். இரண்டு கரையிலிருந்தும் ஒரே நாட்டுப் பிள்ளைகள் அந்த ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்தது 1971, வங்கதேசப் போர். ஏ.ஆர்.ரஹ்மான் இசையமைத்த 'பிப்பா' படத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அதில் கதாநாயகனே பி.டி-76 என்ற ரஷ்யத் தயாரிப்பு நீந்தும் டேங்க்தான். பஞ்சாபியில் பிப்பா என்றால் நெய் டின். காலி டின் தண்ணீரில் மிதக்கும் அல்லவா? வீரர்கள் வைத்த பெயர் அது.

டாக்காவுக்குப் போகும் வழியில் மேக்னா ஆறு. ஆஷுகஞ்ச் பாலத்தைப் பாகிஸ்தான் படை தகர்த்துவிட்டது. ஜெனரல் சகத் சிங் காத்திருக்கவில்லை. ஹெலிகாப்டர்களில் வீரர்களை அக்கரைக்கு அனுப்பினார். பி.டி-76 டேங்குகள் நீந்தத் தொடங்கின. ஆனால், மேக்னா சாதாரண ஆறு இல்லை. சுமார் அரை மணி நேரம் நீந்தியதும் என்ஜின்கள் சூடாகி மூச்சு வாங்கின. 14 டன் எடையுள்ள அந்த டேங்குகளைக் கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்த்தவை உள்ளூர்ப் படகுகள். பீரங்கிகளையும் குண்டுகளையும் கடத்தித் தந்ததும் அந்த ஊர் மக்களின் படகுகள்தான். எந்த இடத்தில் மணல் திட்டு, எந்த இடத்தில் இழுப்பு என்று அவர்களிடம் வரைபடம் இல்லை, தேவையும் இல்லை.

இன்றும் அந்தத் தீவில்...

பெசியோ இப்போது மக்கள் நெருக்கமாக வாழும் ஊர். வீடுகளுக்கு நடுவே ஜப்பானியப் பதுங்குகுழிகள் நிற்கின்றன. துருப்பிடித்த பீரங்கிகள் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. நீர் வற்றும்போது, திட்டின் மேல் ஆம்ட்ராக்கின் மிச்சங்கள் தலைகாட்டும்.

போர் முடிந்த அவசரத்தில் இறந்தவர்களை வரிசையாகக் குழிவெட்டிப் புதைத்தார்கள். பின்னால் வந்தவர்கள் அதன்மேல் சாலை போட்டார்கள், கட்டடம் கட்டினார்கள். எங்கே யார் என்று தெரியாமல் போனது. நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு 'உடல் கிடைக்கவில்லை' என்ற தகவல் மட்டுமே போனது.

மூன்றாம் நாள் ஒரு பெரிய பதுங்குகுழியைப் பிடிக்கும் சண்டையில் இறந்தவர் லெப்டினன்ட் அலெக்சாண்டர் போனிமன். அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருதை அவருடைய சின்ன மகள்தான் வாங்கிக்கொண்டாள். 2015-ல் 'ஹிஸ்டரி ஃப்ளைட்' என்ற தன்னார்வ அமைப்பு, தொலைந்துபோன ஒரு புதைகுழி வரிசையைப் பெசியோவில் கண்டுபிடித்துத் தோண்டியது. பல ஆண்டுகளாக அந்தத் தேடலில் கூடவே அலைந்துகொண்டிருந்த போனிமனின் பேரனும் குழிக்கு அருகில் நின்றிருந்தார். ஒரு மண்டையோட்டின் பற்களில் தங்கம் மின்னியது. தாத்தாவுக்குத் தங்கப் பல் உண்டு என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அந்த ஆண்டு செப்டம்பரில் டென்னஸி மாநிலத்தின் நாக்ஸ்வில் நகரில், குடும்பத்தாரின் கல்லறைகளுக்குப் பக்கத்தில் அவரைப் புதைத்தார்கள். வீட்டைவிட்டுப் போனவர் திரும்பிவர 72 ஆண்டுகள் ஆகியிருந்தன.